வலப்பக்க இருக்கை

விமானத்தின் வலப்பக்க இருக்கை சூடாக இருந்தது.

அவள் பிசியோதெரபிஸ்ட், பதினாறு வருடங்களாக நோயாளிகள் எழுந்துபோன படுக்கைகளைத் தொட்டுத் துடைப்பவள். வெயில் ஏற்றிய சூடு மேலோடு நிற்கும், உடம்பு விட்டுப்போன சூடு மெத்தைக்குள் இறங்கியிருந்து, கையை வைத்தால் மெல்ல மேலே ஏறி வரும் என்பது அவள் உள்ளங்கைக்குத் தெரியும். இது இரண்டாவது வகை. கொட்டகையோ ஒன்பது நாட்களாகப் பூட்டிக் கிடந்தது. கதவைத் தள்ளியதும் முகத்தில் அடித்த பெட்ரோல், எலிப்புழுக்கை, பழந்தோல் வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

"இதுல யாராவது உக்காந்திருந்தாங்களா?"

"இல்லையேம்மா," என்றார் விமானத்தை விற்க வந்திருந்த கண் டாக்டர். வந்ததிலிருந்து அவர் கதவருகிலேயே நின்றார். உள்ளே ஓரடி வைக்கவில்லை.

அவள் கணவனுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. நிலம் அளக்கும் சர்வேயர் அவன். இரண்டு வருடங்களுக்கு முன் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கினான். இந்த நாலு பேர் உட்காரும் பழைய விமானத்தை அவன் பார்க்க வருவது இது நாலாவது முறை. முதல் முறை பார்த்துவிட்டு வந்தவன் சாப்பிட மறந்தான். மூன்றாவது முறை குளியலறையில் பாட்டு முணுமுணுத்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் அப்படி முணுமுணுத்து அவள் கேட்டதில்லை. இப்போது சாயம் உரிந்த இறக்கையின் விளிம்பை விரல்களின் பின்பக்கத்தால் வருடிக்கொண்டே நடந்தான். அந்த வருடல் அவள் கழுத்துக்குத் தெரிந்த வருடல். மறந்தும்போயிருந்த வருடல்.

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

விமானத்தின் வயிற்றடியில் டார்ச்சோடு படுத்திருந்த மெக்கானிக் தலையை நீட்டினான். சோதித்துச் சொல்ல இவர்கள் கூட்டி வந்த ஆள். "என்ன மேடம், மூஞ்சி இப்படி இருக்கு? பழைய பிளேன் வாங்கறதும் சின்ன வீடு வைக்கறதும் ஒண்ணுதான். வைக்கறது சுலபம், கட்டிக் காப்பாத்தறதுலதான் தாவு தீரும்."

அவள் சிரித்துவைத்தாள். பிறகு டாக்டரிடம் போனாள்.

"நீங்க ஏன் சார் விக்கறீங்க?"

"ஒட்டலைம்மா. ஆறு வருஷம் வெச்சிருக்கேன். என்ன பண்ணியும் என்கிட்ட ஒட்டலை." அவர் பார்வை அவளைத் தாண்டி அவள் கணவன்மேல் நின்றது. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். நாலு வாரமாகக் கண்ணாடியில் பார்க்கிறாள். "இவர் முதல் நாள் சாவியைத் திருப்பினார். ஒரே சுத்துல எஞ்சின் பிடிச்சுது. எனக்கு ஒரு தடவைகூட அவ அப்படி..." நிறுத்திக்கொண்டார். "அது அப்படிப் பிடிச்சதில்லை."

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்தான். துரு மேலோட்டம்தான், எஞ்சின் இன்னும் சில வருடம் உழைக்கும், ஒரு சுற்று பறந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்றான்.

"நீ இங்கயே இரேன்," என்றான் கணவன் அவளிடம், ரொம்பக் கனிவாக. "உனக்குத் தலை சுத்தும்."

அந்தக் கனிவுதான் அவளை எரித்தது.

"நானும் வரேன்."

வலப்பக்க இருக்கை முன்னால் தள்ளி இருந்தது. பின்னுக்கு இழுத்துப் பூட்டி உட்கார்ந்தாள். மாலை நாலு மணி வெயிலில் ஓடுபாதையின் இருபுறமும் காய்ந்த புல் சாய்ந்து கிடந்தது. எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. அவன் சிரித்தான். தரை நழுவியது, கொட்டகை வாசலில் நின்ற இரண்டு பேரும் எறும்பானார்கள்.

காதில் மாட்டிய ஹெட்செட்டின் பஞ்சு ஈரமாக இருந்தது. அதில் அவன் மூச்சு கேட்டது. அவள் மூச்சு கேட்டது. இரண்டுக்கும் நடுவே, நிதானமாக, இன்னொன்று.

"ஏங்க, யாரோ மூச்சு விடற மாதிரி கேக்குது."

"பழைய வயரிங். மாத்திடலாம்."

மாத்திடலாம். அதற்குள் சொந்தமாகிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "சரிம்மா," என்றான்.

அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"யார்கிட்ட பேசறீங்க?"

"உன்கிட்டதான். நீதானே இடதுபக்கம் திரும்பலாம்னே?"

திரும்பி அவளைப் பார்த்தான். இல்லை. அவளை அல்ல. அவள் தோளுக்கு மேலே, ஒரு சாண் பின்னால். முகம் முழுக்க மலர்ந்து பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த பார்வை அது.

முதுகில் ஏதோ அழுந்தியது. இருக்கையின் சாய்மானம் இவ்வளவு மெத்தென்று இல்லை. அது ஏறியது. இறங்கியது. அவள் முதுகுக்குத் தெரியாத எலும்பா? விலா. வரிசையாக விலா. இடப்பக்கத்தில் நாலு முறிந்து, சேராமல், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றோடொன்று உரசின.

முன்னால் சாய்ந்தாள். பெல்ட் இழுத்துப் பிடித்தது.

பெல்ட் மட்டுமல்ல.

"இறக்குங்க. கீழ இறக்குங்க!"

அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

"இப்பதானே ஏறினோம்," என்றான் அவன், தோளுக்குப் பின்னால் பார்த்து. எதையோ கேட்டுத் தலையசைத்தான். "ம். வாங்கிடலாம். இன்னிக்கே." மறுபடி கேட்டான். குரல் தணிந்தது. "அவளா? அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

ஒரு முகவாய் அவள் தோளில் வந்து பதிந்தது. சூடாக.

அவளுடைய இரண்டு அக்குளுக்கும் கீழாக இரண்டு கைகள் நீண்டன. ஒன்று அவள் முன்னாலிருந்த ஸ்டியரிங்கைப் பிடித்தது. மற்றது மெதுவாக நகர்ந்து, அவன் தொடையில் உட்கார்ந்தது.

அவன் குனிந்து பார்க்கவில்லை. வெகுநாள் பழகியவன்போல, அந்த விரல்களுக்கிடையே தன் விரல்களைக் கோத்துக்கொண்டான்.