கை அறியாத முகம்

விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் அவள் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு உறவுக்காரர்கள் எல்லாரும் கலைந்து போயிருந்தார்கள். கதவைத் திறந்த அண்ணன் "யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டான். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கினான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "என்ன, பாத்ததும் சட்டுனு பிடிபடலை."

அவளுக்குச் சுருக்கென்றது.

எல்லாம் மூக்கால் வந்தது. அம்மாவுக்கு நடுவில் மேடு தட்டி, நுனி வளைந்த மூக்கு. அதை அச்சு அசலாக வாங்கிக்கொண்டு பிறந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் அவளைக் கிளி என்றே கூப்பிட்டார்கள். பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை கிடைத்த பிறகும், யாராவது போட்டோ எடுத்தால் பக்கவாட்டில் நிற்க மாட்டாள். கடைசியில் ஒரு விடுமுறையில் போய் ஆபரேஷன் செய்துகொண்டாள். எலும்பைச் சீவி, நுனியை நிமிர்த்தி, அளவெடுத்துச் செய்த மூக்கு. மேசைக்கு வருகிறவர்கள் கூடுதலாகச் சிரித்தார்கள். மேலாளரே நின்று பாராட்டினார். கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

சொல்ல வாய் வரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோயில் பார்வை போய் வெகுகாலம் ஆகியிருந்தது. கம்பைத் தட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடப்பாள். பிள்ளைகள் வந்தால் நெற்றியிலிருந்து தாடை வரை விரல்களால் தடவித்தான் பார்ப்பாள். மகளின் மூக்குக்கு வந்ததும் விரல்கள் அங்கேயே தங்கிவிடும். "இது என் சொத்துடி," என்று சிரிப்பாள். அந்த விரல்களுக்கு என்ன பதில் சொல்வது? கடைசியாக வந்தபோது அம்மா ஆசையாகக் கையை நீட்டினாள். அவள் பின்வாங்கிக்கொண்டாள்.

"சளி பிடிச்சிருக்கும்மா. கிட்ட வராதே, ஒட்டிக்கும்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டு மடிக்குத் திரும்பியது. அண்ணன் வேலையிலிருந்து திரும்புமுன்பே அவள் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான்.

மத்தியானம் களைப்பு தாங்காமல் அம்மாவின் கட்டிலில் படுத்தாள். அண்ணன் கூடத்து சோபாவில் கண்ணயர்ந்திருந்தான். மழை வலுத்தது. கரண்ட் போயிற்று. மேகம் கவிந்து அறை முழுக்க இருட்டிக்கொண்டது. தலையணையில் அம்மாவின் தைல வாசனை இருந்தது. முதலில் பழைய வாசனையாக, லேசாக. பிறகு, இப்போதுதான் தேய்த்துக்கொண்டு யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் நெடியடித்தது.

கட்டிலின் ஒரு பக்கம் தாழ்ந்தது.

நெற்றியில் விரல்கள் பட்டன.

சில்லென்று இருந்தன. ஆனால் அவசரமில்லாத, பழகிய விரல்கள். புருவங்களை நீவின. இமைகளைத் தொட்டன. அவளுக்குப் பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது. விரல்கள் மூக்குக்கு இறங்கின.

நின்றன.

மறுபடி நெற்றியிலிருந்து தொடங்கின. மறுபடி அதே இடத்தில் நின்றன. இந்தத் தடவை அழுத்தித் தடவி, அங்கே இல்லாத மேட்டைத் தேடின. சீவிய எலும்பு உள்ளுக்குள் விண்ணென்று வலித்தது.

சுட்டதுபோல் கை விலகியது.

கம்பு ஒன்று தரையைத் தட்டிக்கொண்டு கூடத்துப் பக்கம் போயிற்று.

"டேய்." அம்மாவின் குரல், கிசுகிசுப்பாக. "உன் தங்கச்சி எங்கடா?"

அண்ணன் தூக்கத்திலேயே முனகினான். "உள்ளதான்மா... உன் கட்டில்ல..."

"அது வேற யாரோடா."

அவள் பொறுக்க மாட்டாமல் இருட்டைப் பார்த்துக் கத்தினாள். "அம்மா, நான்தாம்மா! உன் பொண்ணுதான்!"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கம்பு திரும்பி வந்தது. வேகமாக. தைல வாசனை முகத்துக்கு நேரே வந்து நின்றது. குளிர்ந்த கை அவள் வாயைப் பொத்தியது.

"அவ குரல் உனக்கு எப்படி வந்துச்சு?"

அந்தக் குரல் நடுங்கியது. பயந்திருந்தது அம்மாதான்.

"என் பொண்ணை என்ன பண்ணினே நீ?"

கரண்ட் வந்தபோது அண்ணன் அறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கன்னங்கள் விரல் பதிந்து சிவந்திருந்தன. ஒன்று விடாமல் அவனிடம் சொன்னாள். சளி என்று சொன்ன பொய்யையும் சொன்னாள்.

அண்ணன் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நீ கிளம்பினப்புறம் அம்மா என்கிட்ட கேட்டாங்க," என்றான். "அவளுக்கு என்மேல ஏதாவது கோவமாடான்னு."

அவள் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள்.

வேலைக்குத் திரும்பிய சில நாளில், மேசையில் நின்றிருந்தபோது அவள் போன் அடித்தது. தெரியாத எண், அண்ணன் ஊர்க் குறியீட்டில் தொடங்கியது.

"போலீஸ் ஸ்டேஷன்லேருந்து பேசறேம்மா. இங்க கண்ணு தெரியாத வயசான அம்மா ஒருத்தங்க வந்து உக்காந்திருக்காங்க. பொண்ணைக் காணோமாம். அடையாளம் கேட்டா, அவளுக்கு என் மூக்குன்னு அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க. மகன் விலாசமும் இந்த நம்பரும் மனப்பாடமா இருக்கு." அவர் சற்று நிறுத்தினார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

எதிரே ஒரு குடும்பம் அறைச் சாவிக்காகக் காத்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள். தன் குரல் அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்று உடனே பொத்திக்கொண்டாள்.

போனுக்குள் கம்பு தட்டும் ஓசை எழுந்து நெருங்கியது. கரகரவென்று போன் கை மாறியது.

"கண்ணு, எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லும்மா. அம்மா வந்து கூட்டிட்டுப் போறேன்."