மூவருக்கும் இல்லை

பூட்டைத் திறந்து உள்ளே வந்தபோது குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. காலையிலேயே எல்லோரும் கிளம்பிப் போய்விட்ட வீடு. பகல் முழுக்க அடித்த வெயிலில் மாடித் தொட்டியே காய்ந்திருக்கும். இங்கே மட்டும் தண்ணீர் பளபளத்துக் கிடந்தது.

"குழாய் ஒழுகுது போல," என்றாள்.

"ஒழுகினா ப்ளம்பரைக் கூப்பிடலாம். நீ பார்க்குற பார்வைக்குப் போலீஸைத்தான் கூப்பிடணும்," என்று கணவன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகவே எதிலும் மனம் தங்குவதில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்தது. ஊரில் இரண்டு குழந்தைகள் கால் துவண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். குடலில் குடியேறி நரம்பைத் தின்னும் வைரஸ். அதைச் சுமக்கிற ஆள் படுக்கையில் விழ வேண்டும் என்பதில்லை. உண்டு, உறங்கி, சிரித்துக்கொண்டே நாள்தோறும் கழிவில் அதை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கலாம். அந்த ஆளைக் கண்டுபிடிப்பதுதான் நோய்ப்பரவல் ஆய்வாளரான அவள் வேலை. சாக்கடை நீரை அள்ளிச் சோதிப்பாள்; எந்தக் கிளைக் குழாயில் வைரஸ் தெரிகிறதோ அந்த வழியே மேலேறி மறுபடி அள்ளுவாள். பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய்க்கும் அங்கிருந்து தெருவுக்கும் வந்தாயிற்று.

தடம் வந்து நின்ற தெருவில் சாக்கடை மூடியை நெம்பித் தூக்கிய தொழிலாளி தயங்கினார்.

"மேடம், இது உங்க தெருவாச்சே?"

"ஆமாண்ணே. அள்ளுங்க."

வாசலுக்கு வாசல் குழியைத் திறந்து தனித்தனியாக அள்ளினார்கள். மறுநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து அக்கா அழைத்தாள். சொந்த அக்கா இல்லை. வேலையில் மூத்தவள் என்பதால் அக்கா.

"மத்த வீடெல்லாம் சுத்தம். ஒரே ஒரு வீட்டுக் குழாய்லதான் இருக்கு." அக்கா படித்த கதவு எண் அவளுடைய வீட்டினுடையது.

அன்றே தன் வீட்டு மூன்று பேரின் மல மாதிரியையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மகளுடைய டப்பாவின் மூடியை மட்டும் இரண்டு முறை இறுக்கிப் பார்த்தாள். முடிவு வரும்வரை மகளை ஓட விட்டு, தாவ விட்டு, அவள் முழங்கால்களையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இல்லை. அவருக்கு இல்லை. பாப்பாவுக்கும் இல்லை," என்றாள் அக்கா. "மறுபடியும் போட்டுப் பார்த்துட்டேன்."

"அப்ப குழாய்ல வர்றது?"

"அதான் எனக்கும் புரியலை. இன்னொண்ணு சொல்றேன், பயப்படாதே. இந்த வைரஸ் ஊர் சுத்தினது இல்லை. ஒரே உடம்புக்குள்ள வருஷக்கணக்கா இருந்து இருந்து மாறினது. அந்த ஆள் ரொம்ப நாளா ஒரே இடத்துல இருக்காங்க."

அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஆறு வருடம். மகள் பிறந்தது அதற்குப் பிறகு.

கணவனையும் மகளையும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினாள். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்ட கணவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மகளுடைய துணிகளை எடுத்துப் பையில் வைத்தான். வீட்டுக் கழிவுக் குழாயைக் கழுவவைத்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அக்கா வீட்டில் தங்கினாள். பழசு எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும். யாரும் இல்லாத வீட்டில் இனி என்ன வரப்போகிறது?

இரண்டு நாள் கழித்து வாசல் குழியில் அள்ளிய நீரை அக்கா இரண்டு தடவை சோதித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"புதுசு. குழாயைக் கழுவின பிறகு வந்தது."

போகாதே என்றாள் அக்கா. போலீஸைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன், அதுவரை வாசலிலேயே நில் என்றாள். வாசலில் நின்றாள். நிற்க முடியவில்லை. தன் வீட்டுக்குள், தன் பிள்ளை தவழ்ந்த தரையில் யார் நடக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு தாய் எப்படி வாசலில் நிற்பாள்? கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு பூட்டைத் திறந்தாள்.

பொழுது சாயும் நேரம். திரைச்சீலையின் இடுக்கில் நுழைந்த மஞ்சள் வெளிச்சம் தரையில் கோடாகக் கிடந்தது. ஃப்ரிட்ஜ் முனகிவிட்டு நின்றது. அது நின்ற பிறகுதான் வீட்டின் அமைதி எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. மகளுடைய சோப்பு வாசனை மிச்சமிருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. கவசத்தையும் தாண்டி வந்தது. நெடுநேரம் தூங்கி எழுந்தவர் வாயிலிருந்து வரும் வாடை.

பரணைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். கதவுகளுக்குப் பின்னால், மேசைக்கு அடியில். யாருமில்லை.

குளியலறை. வாளி நிறையத் தண்ணீர்.

அதில் மக் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போதுதான் விட்ட மக்.

வெளியே வந்தாள். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் யாரும் இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டவள், மெத்தையைப் பார்த்தாள். பழைய பஞ்சு மெத்தை. படுத்துப் படுத்து ஆளுக்கொரு குழி விழுந்தது. சுவரோரம் கணவனுடையது. நடுவில் மகளுடையது, சின்னது. இந்த ஓரத்தில் அவளுடையது.

மகளுடையதற்கும் அவளுடையதற்கும் இடையில் இன்னொன்று.

நீளமானது. ஆழமானது. நேற்றோ இன்றோ விழுந்த குழி இல்லை.

இரவில் தூக்கத்திலேயே கை நீட்டி அவள் அணைத்துக்கொண்ட இடம் அது. மகள் என்று. ஒவ்வோர் இரவும். மகள் என்றுதான்.

கையுறையைக் கழற்றினாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளங்கையைக் குழிக்குள் வைத்தாள்.

சூடு.

வாசலில் அக்காவின் குரல் கேட்டது. கையை எடுக்காமலே வாசல் பக்கம் பார்த்தாள். விரிப்பின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக இறுகின. கட்டில் முனகியது. பழக்கப்பட்ட ஓர் உடம்பு புரண்டு படுப்பதுபோல, அவள் கைமேல் எடை மெல்ல இறங்கியது. அவள் பக்கமாகத் திரும்பிக்கொண்டது.