வெண்கலம் படுப்பதில்லை

"நின்னுகிட்டே தூங்குற குதிரைக்குக் கனவு வருமாம்மா?"

குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவின் மகள் அதைக் கேட்டபோது அவளுக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. லாயத்தில் தீவனப் பெட்டிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"வராது கண்ணு. நின்னபடி தூங்குறது அரைத் தூக்கம். கனவு வரணும்னா படுக்கணும்."

"அப்ப படுக்க வேண்டியதுதானே?"

"பயம். படுத்துட்டா சட்டுனு எழுந்து ஓட முடியாதில்ல? பக்கத்துல ஒருத்தர் நின்னு காவல் பார்த்தாத்தான் அதுக்கு நிம்மதி."

கொட்டடிக் கதவில் சாய்ந்து நின்ற குதிரைக்காரன் சிரித்தான். காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று எல்லாரும் கேலி செய்யும் உடம்பு. அதனால் அவனுக்குப் பஞ்சு என்றே பெயராகிவிட்டது. "அதுக்குத்தானே பாப்பா இந்த மாமா இருக்கேன்" என்றவன் உள்ளே திரும்பி, "நான் நிக்கிறேன்டா. நீ படு" என்றான். வெண்கல நிறத்தால் வெண்கலம் என்றே பெயர் பெற்ற அந்த இளங்குதிரை முன்கால்களை மடக்கி, ஒரு நீண்ட மூச்சு விட்டு, வைக்கோலில் சாய்ந்தது. மகள் கைதட்டப் போனாள். பஞ்சு உதட்டில் விரலை வைத்தான்.

அந்த மகள் இப்போது அம்மாவைவிட உயரம். வெண்கலம் தடை தாண்டும் போட்டிகளில் கோப்பை வாங்கும் குதிரை. பஞ்சு மண்ணுக்குள் இருந்தான். போன மழைக்காலத்தில், வெண்கலம் தலையில் உதைத்துச் செத்துப்போனான் என்றார் மாஸ்டர். குதிரையின் சொந்தக்காரரும் பயிற்சியாளரும் அவரே. பிணத்தை முதலில் பார்த்தவரும் அவரே. குதிரைக்கு வாய் இல்லை. யாரும் மறுத்துப் பேசவில்லை.

அதிலிருந்து வெண்கலம் தளர்ந்துகொண்டே வந்தது. மைதானத்தைப் பாதி சுற்றுவதற்குள் வியர்த்துக் கொட்டும். கண்ணை மூடிக்கொண்டே தாண்டுவதுபோலத் தாண்டி, மரத்தடைகளை உருட்டிவிடும். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தாள். நுரையீரல், பல், வயிற்றுப் பூச்சி, வயிற்றுப் புண் என்று ஒன்று பாக்கியில்லாமல் பார்த்தாள். தீவனத்தை மாற்றினாள். எதிலும் குறை இல்லை. குறை இல்லாத குதிரை கண்ணெதிரே உருகிக்கொண்டிருந்தது.

"அடுத்த போட்டி வரைக்கும் பார்ப்பேன் டாக்டர்" என்றார் மாஸ்டர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "அதுக்குள்ள சரியாகலன்னா ஊசி போட்டு முடிச்சிடுங்க. ஓடாத குதிரைக்கே சோறு தண்டம். இது ஆளையும் கொன்னிருக்கு."

ஊசி போட வேண்டிய கை அவளுடையது. பிரார்த்தனைக்குக் கைகூப்பும்போதெல்லாம் அவள் அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

அன்று பிற்பகல் புது லாடம் அடிக்க வந்திருந்த லாடக்காரர், குதிரையின் முன்காலைத் தன் தொடைமேல் வைத்துக் குளம்பை அரத்தால் ராவிக்கொண்டே அவளைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, இங்க பாருங்க. சின்னப் பசங்க முட்டி மாதிரி சிராய்ச்சு வச்சிருக்கான்."

குளம்புக்கு மேலே, கணுவின் முன்பக்கத்தில் தோல் உரிந்திருந்தது. இரண்டு காலிலும். பழைய புண்ணின் மேல் புதுப் புண். குதிரை ஓடும்போது தரையில் படாத இடம் அது. அவள் குனிந்து தொட்டாள். தொட்ட கணமே மகளின் கேள்வி நினைவுக்கு வந்தது.

"இவன் படுக்கறதே இல்ல" என்றாள். "நின்னபடியே ஆழ்ந்து போயிடறான். கால் மடங்கிக் கீழ விழறான். உடனே முழிச்சுக்கறான். மழைக்காலத்துலேர்ந்து முழுத் தூக்கமே இல்ல இவனுக்கு."

"அட பாவமே. என் சம்சாரம் ஒருநாள் தூங்கலன்னாலே வீட்டுல பாத்திரமெல்லாம் பறக்கும்" என்றார் லாடக்காரர். பிறகு சிரிப்பு நின்றது. அரத்தின் முனையால் கொட்டடி மூலையைக் காட்டினார். "இவன் படுக்கலன்னா, அங்க படுக்கறது யாரு?"

மூலை வைக்கோலில் ஒரு பள்ளம். நீளமாய், ஒடுங்கலாய். ஒருபக்கம் தலை வைத்த குழி. குதிரை படுத்தால் பாதிக் கொட்டடி அழுந்தும். இது ஒல்லியான ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த தடம். அதைச் சுற்றி ஒரு சாணம் இல்லை, ஒரு குளம்படி இல்லை. அவள் கையை உள்ளே வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"பசங்க யாராவது மத்தியானம் படுத்திருப்பாங்க" என்றாள்.

"இதுக்குள்ளயா? தீவனத்தைக்கூட வெளிய நின்னு வீசிட்டு ஓடறானுங்க." லாடக்காரர் ஆணிகளைப் பையில் போட்டுக்கொண்டார். "நீங்களும் இருட்டறதுக்குள்ள கிளம்பிடுங்கம்மா."

அவள் கிளம்பவில்லை. குட்டி ஈனும் குதிரை ஒன்று அவளைச் சுவரோடு வைத்து நசுக்கிய நாள் ஒன்று உண்டு. அன்று இடையில் புகுந்து தோள் கொடுத்தவன் பஞ்சு. அவன் காறை எலும்பு முறிந்த சத்தம் அவள் காதில் இன்னும் இருந்தது. "இந்தக் கடனை எப்படி அடைக்கப் போறேனோ" என்று கட்டுப் போட்டபடி அவள் அழுதபோது, அவன் வலியோடு சிரித்தான். "பெரிய கடன்! என்னைக்காவது எனக்குக் கால் வலிச்சா, எனக்குப் பதிலா கொஞ்ச நேரம் நின்னுடுங்க டாக்டரம்மா. தீர்ந்துச்சு." அவனுடைய குதிரையை அவள் கையாலேயே கொல்ல வேண்டி வந்தால், எந்த முகத்தோடு கடவுள்முன் போய் நிற்பது?

மாலைத் தீவனம் போட்டு ஆட்கள் போய்விட்டார்கள். அவள் பக்கத்துக் காலிக் கொட்டடியில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, கம்பிகளுக்கு இடையே பார்த்தபடி இருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டு சீக்கிரமே இருட்டிவிட்டது. நடைபாதையில் ஒரே ஒரு குண்டு பல்பு. தகரக் கூரைமேல் மழையின் இரைச்சல், ஈரத் தோலும் சாணமும் புளித்த தீவனமும் கலந்த வாசனை, வரிசையாக ஒவ்வொரு குதிரையும் மெல்லுவதை நிறுத்தி, உடம்பைத் தரையில் சாய்த்து, மூக்கால் காற்றை ஊதிவிட்டு அடங்கும் ஓசை. கடைசியில் வெண்கலம் மட்டும் நின்றது.

அது மூலைக்குப் போய், அந்தப் பள்ளத்துக்குக் குறுக்கே, நான்கு காலையும் அகட்டி நின்றுகொண்டது. குட்டிக்குக் காவல் நிற்கும் தாய்க்குதிரை அப்படித்தான் நிற்கும். தலை தாழ்ந்தது, இமை இறங்கியது, பெரிய உடம்பு முன்னும் பின்னும் ஆடியது, முன்கால்கள் மடங்கிக் கணு தரையில் மோதியது. முனகிக்கொண்டு எழுந்தது. மறுபடி ஆடியது. மறுபடி விழுந்தது. எழுந்து, ஓர் அடிகூட நகராமல், அதே இடத்தில் நின்றது.

அப்போது வைக்கோல் சரசரத்தது.

பள்ளம் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. யாரோ புரண்டு படுத்ததுபோல. பிறகு வைக்கோல் மெல்ல ஏறியது. இறங்கியது. ஏறியது. மூச்சு.

வெண்கலம் குனிந்து நக்கத் தொடங்கியது. வைக்கோலை அல்ல. அதற்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமில்லாத இடத்தை. பொறுமையாக, ஒரே இடத்தை, திரும்பத் திரும்ப. பச்சை இரும்பின் வாடை வந்தது. குதிரை முகத்தைத் தூக்கியபோது அதன் வாயிலிருந்து கருப்பாக ஏதோ சொட்டியது. அவள் டார்ச்சை அடித்தாள். கருப்பு இல்லை. சிவப்பு.

அவள் டார்ச்சை அணைத்தாள். கடவுளே, கடவுளே என்று வாய் மட்டும் அசைந்தது.

நடைபாதையில் காலடி கேட்டது. மனிதக் காலடி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. மாஸ்டர்தான். மழைக்கோட்டிலிருந்து நீர் வடிய வந்தார். கையில் சாக்குத்துணி சுற்றிய ஓர் இரும்புக் குழாய். குதிரை இன்னும் உயரமாகக் காலைத் தூக்க வேண்டும் என்று, தாண்டும்போதே முழங்காலுக்குக் கீழே அடிக்கிற குழாய். சாக்கு சுற்றினால் தழும்பு தெரியாது. அப்படிச் செய்கிறவர்கள் உண்டு என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். இங்கே என்று நினைத்ததில்லை.

அவர் அவளைப் பார்க்கவில்லை. கொட்டடிக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

"என்னடா ராஜா" என்றார், கொஞ்சுவதுபோல. "இன்னைக்கும் தூக்கமா? காலைத் தூக்கு." குழாய் இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் மந்தமாக இருந்தது. குதிரை நடுங்கியது. இடத்தைவிட்டு நகரவில்லை. "தூக்குடா. யாரைப் பார்க்குற? இன்னொரு தடவை குறுக்க வந்து நிக்க அவன் இருக்கானா? மண்டை ஒரே அடிக்குத் தாங்கல அவனுக்கு. பஞ்சு, பஞ்சேதான்." குழாய் மறுபடி ஓங்கியது.

அவள் எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியாது. வாளி உருண்டது.

"மாஸ்டர். வேணாம்."

அவர் திரும்பினார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப வந்தீங்க டாக்டர்?"

"இப்பதான்."

"இல்ல" என்றார் அவர். ரொம்ப மரியாதையாக. "அப்பவே வந்துட்டீங்க." சாக்குத்துணியைச் சுருள் சுருளாகப் பிரித்துக் கீழே போட்டார். வெறும் குழாயோடு கதவை நோக்கி ஓர் அடி வைத்தார்.

இரண்டாவது அடி வரவில்லை.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பள்ளத்து வைக்கோலிலிருந்து ஐந்து விரல்கள். ஒல்லியான விரல்கள். கணுக்காலைச் சுற்றி.

அவர் மல்லாந்து விழுந்தார். பள்ளத்துக்குள்ளேயே. குழாய் எங்கோ உருண்டது. "டாக்டர்" என்றார். "டாக்டர், கையைக் குடுங்க."

"நான் நிக்கிறேன்டா" என்றது ஒரு குரல். வாய் முழுக்க எதையோ வைத்துக்கொண்டு பேசும் குரல். "நீ படு."

வெண்கலம் முன்கால்களை மடக்கியது. அவசரமே இல்லை. போன மழைக்காலத்திலிருந்து காத்திருந்த உடம்பு. மார்பு இறங்கியது. வயிறு இறங்கியது. பின்பாகம் சாய்ந்தது. உலர்ந்த சுள்ளிகள் நொறுங்கும் சத்தம். சுள்ளிகள் இல்லை. மாஸ்டர் கத்தவில்லை, கத்துவதற்கான காற்று ஒரேயடியாக வெளியே வந்துவிட்டது. இடுப்புவரை குதிரைக்கு அடியில். மீதி, குதிரையின் நான்கு கால்களுக்கு நடுவே.

குதிரை கழுத்தை நீட்டி, கன்னத்தை வைக்கோலில் வைத்து, நீளமாக மூச்சு விட்டது. கண் மூடியது. தூங்கிவிட்டது.

அதன் தலைமாட்டில் பஞ்சு நின்றான்.

முகம் பாதிதான் இருந்தது. மறுபாதி உள்ளே போயிருந்தது. குளம்பு உதைத்தால் பிறை மாதிரிப் பதியும். இந்தப் பள்ளம் நேராக, நீளமாக, ஒரு குழாயின் அளவுக்கு இருந்தது. நக்கி நக்கிச் சுத்தமாக இருந்தது.

வெண்கலத்தின் மூடிய இமைக்குள் கண் உருண்டது. மூக்கு துடித்தது. பிறகு குளம்புகள் அசைந்தன. முதலில் நடை. அப்புறம் ஓட்டம். கனவு வந்துவிட்டது. புது லாடம் அடித்த முன்கால்கள் நீண்டு மடங்கின, நீண்டு மடங்கின. ஒவ்வொரு நீட்டலும் மாஸ்டரின் மார்பில், தாடையில், வாயில். அவர் கைகள் காற்றைப் பிடித்தன. கண்கள் அவளைப் பார்த்தன.

ஒரு கைதட்டல் போதும். குதிரை விழித்துக்கொள்ளும். எழுந்துவிடும். அவள் நல்லவள், எறும்பைக்கூட ஓரமாக எடுத்து விடுகிறவள். இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

பஞ்சு மீதமிருந்த உதட்டில் விரலை வைத்தான்.

கைகள் அப்படியே நின்றன.

"கால் வலிக்குது டாக்டரம்மா" என்றான்.

மழை விட்டிருந்தது. வரிசையில் எல்லாக் குதிரைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. லாயத்து வாசல்வரை ஓர் ஆள் இல்லை. அவள் கைகளை இறக்கினாள். காலிக் கொட்டடியிலிருந்து வெளியே வந்து, நடைபாதை விளக்கை அணைத்துவிட்டு, வெண்கலத்தின் கதவில் சாய்ந்து நின்றாள். அவன் வழக்கமாகச் சாயும் இடம். மரம் அங்கே வழவழவென்று தேய்ந்திருந்தது.

"நான் நிக்கிறேன்" என்றாள். "நீ படு."

இருட்டில் வைக்கோல் சரசரத்தது. இரண்டு மூச்சுகள் ஏறி இறங்கின. மூன்றாவது ஒன்று, ஈரமாக, விட்டு விட்டு வந்தது. விரல்கள் வைக்கோலைப் பற்றுவதும் விடுவதும் கேட்டது. அவள் பிரார்த்தனை செய்யத் தொடங்கினாள்; யாருக்காக என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினாள். ஆனால் நின்றாள். வெண்கலம் தடை தடையாகத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. லாடங்கள் எதிலெதிலோ மோதின, முதலில் கெட்டியாக, அப்புறம் மெத்தென்று, அப்புறம் சேற்றில் ஓடுவதுபோல. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.