குரலுக்கு நடந்தவர்

திரையில் அவள் வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கால்காரர் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினார். மழை கேட்டது, படகின் மணி கேட்டது, துறைமுகக் காவலன் இருமுவதுகூடக் கேட்டது. அந்த அழகான நடிகை மட்டும் தொப்பிக்குக் கீழே மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். நேற்று இதே இடத்தில் பேசினாளே. "படகு கிளம்பிவிட்டது. கரையில் நான் மட்டும்தான் நிற்கிறேன்." அதைக் கேட்டுத்தான் நேற்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார்.

முகம் நடிகையுடையது. குரல் அவர் மனைவியுடையது.

படமாவதற்கு முன்னால் அது வானொலி நாடகம். ஒற்றர் வேலை பார்க்கும் பெண்ணாக அவர் மனைவி மைக் முன்னால் ஆடாமல் அசையாமல் நிற்பாள். உடை சரசரத்தாலும் பதிவாகிவிடும். பக்கத்தில் ஒரு பலகைமேல், பெண்கள் போடும் குதிகால் செருப்புக்குள் பாதத்தைத் திணித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இவர் நடப்பார். கேட்கிறவர்களுக்கு ஒரே பெண் பேசிக்கொண்டு போவதாகத் தோன்றும். அதனால்தான் நிலையத்தில் கால்காரர் என்ற பெயர். அவளைத் துரத்தி வரும் கொலைகாரனின் பூட்ஸ் சத்தமும் இவர்தான். "காலைல என்னைத் துரத்துவாரு, சாயங்காலம் எனக்காகக் குதிகால் செருப்புல நடப்பாரு. இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும்?" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

படமெடுத்தவர்கள் புது முகத்தைப் பிடித்தார்கள். குரலையும் நடையையும் மாற்றத் துணியவில்லை. வசனத்தையும் மாற்றவில்லை. கதவு திறப்பது கண்ணுக்குத் தெரியும்போதே "கதவு திறக்கிறது" என்றாள் கதாநாயகி. வானொலியில் கண்டதை எல்லாம் வாயால் சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கம் படத்திலும் ஒட்டிக்கொண்டது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. படம் ஓடவில்லை. வானொலி நாடகத்தின் ஒலிநாடாக்கள்மேல் வேறு எதையோ பதிவு செய்துவிட்டார்கள்.

பிற்பாடு மனைவிக்குத் தொண்டையில் நோய் வந்து, அறுத்துக் குரலையே எடுத்தார்கள். கடைசி வருடங்களில் அவள் சுவரைத் தட்டித்தான் கூப்பிடுவாள். கழுத்துத் துணிக்கு அடியில் இருந்த துளை வழியாக மூச்சு உஸ் உஸ் என்று வரும். அவள் போன பிறகு ஒருநாள் பல் துலக்கும்போதுதான் கால்காரருக்குத் தெரிந்தது: முகம் நினைவிருக்கிறது, துளையைச் சுற்றித் தடவிய களிம்பின் வாசனை நினைவிருக்கிறது, உஸ் சத்தம் நினைவிருக்கிறது. குரல் நினைவில்லை. எவ்வளவு முட்டிப் பார்த்தும் வரவில்லை. மகள்தான் பழைய படக் கடையெல்லாம் தேடி இந்த டிஸ்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். உலகத்தில் மனைவியின் குரல் மிச்சமிருந்தது இதில் மட்டும்தான்.

மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மா குரல் குறைஞ்சுகிட்டே வருதும்மா."

"என்னப்பா சொல்றீங்க?"

"நேத்து இருந்த வசனம் இன்னிக்கு இல்ல. அதுக்கு முன்னாடியே ஆரம்பத்துல ஒண்ணு போச்சு."

"கீறல் விழுந்திருக்கும். பொழுதன்னைக்கும் போட்டுப் போட்டுப் பார்த்தா?"

"கீறல்னா மழைச் சத்தமும்ல போகணும்?"

"காலைல வர்றேன். பையை எடுத்து வைங்க. இனிமே அந்த வீட்ல தனியா இருக்க வேண்டாம்."

"அதிகாரம் மட்டும் அப்படியே உங்கம்மா. குரல்தான் என்னோடது, தகரத்தைத் தேய்ச்ச மாதிரி."

"கிண்டல் பண்ணது போதும். விளக்கைப் போடுங்கப்பா. இருட்டிடுச்சு."

போடவில்லை. போனை வைத்த கையோடு, வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில், சோப்பு வாசனையும் ஈரமும் தேங்கி நிற்கும் அந்த மூலையிலிருந்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, யாரோ சொன்னார்கள்.

"படகு கிளம்பிவிட்டது. கரையில் நான் மட்டும்தான் நிற்கிறேன்."

எழுந்து ஓடியிருக்க வேண்டும். அவர் படத்தை ஓடவிட்டார்.

திரையில் நடிகை கிடங்குக் கதவைத் தொட்டாள். உதடு அசைந்தது. சத்தம் வேறு இடத்திலிருந்து வந்தது. சமையலறையிலிருந்து.

"கதவு திறந்திருக்கிறது. உள்ளே இருட்டாக இருக்கிறது."

அவளேதான். கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, வாக்கியத்தின் கடைசியில் இறங்கும் அதே குரல். கால்காரரின் கண் நிறைந்தது. அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தார். அதுவும் சமையலறையிலிருந்தே வந்தது. அதற்கடுத்ததும் அங்கிருந்தே. குரல் நின்ற இடத்திலேயே நின்றது. மைக் முன்னால் நிற்பதைப் போல.

அப்போது புரிந்தது. குரலுக்குக் கால் இல்லை.

அலமாரியின் அடித்தட்டில் அந்தப் பழைய குதிகால் செருப்பு இருந்தது. தோல் விறைத்துப்போயிருந்தது. வீங்கிய பாதத்தை உள்ளே திணித்தார். துணிக்கு இஸ்திரி போடும் பலகையைத் தரையில் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். நடந்தார்.

டக். டக். டக்.

சத்தம் அவர் காலடியில் கேட்கவில்லை. சமையலறையில் கேட்டது. அப்புறம் நடைவழியில். அவர் கால் தூக்கத் தூக்க அது நெருங்கியது. கூடவே களிம்பு வாசனை. கூடவே, சன்னமாக, உஸ். உஸ்.

கூடத்து வாசலுக்கு வந்துவிட்டது. இருட்டில் எதுவும் தெரியவில்லை.

"அறையில் யாருமில்லை. ஒரு நாற்காலி. ஒரு டிவி ஓடிக்கொண்டிருக்கிறது."

இது படத்தில் இல்லாத வசனம். முழு வசனமும் அவருக்கு மனப்பாடம்.

"ஏங்க?" என்றது குரல். இப்போது அது வீட்டுப் பேச்சு. "எங்க போனீங்க? யாருமே இல்லையே."

"இங்கதாம்மா. இங்கதான் இருக்கேன்" என்றார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கத்தினார். வரவில்லை. திரையில் நடிகை அவரைப் போலவே வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

கால் மட்டும் கேட்டது. அது இப்போது டக் டக் இல்லை.

தொம். தொம்.

குனிந்து பார்த்தார். குதிகால் செருப்புதான். கேட்பது பூட்ஸ்.

"யாரோ நடக்கிறார்கள்" என்றது குரல். நடுங்கியது. "எனக்குப் பின்னால் வருகிறார்கள். யாரது?"

நாடகத்தின் கடைசிக் காட்சி. கொலைகாரனை யாரும் பார்த்ததில்லை, பூட்ஸ் மட்டும்தான். அது எங்கே நிற்கிறதோ அங்கே அவள் குரல் முடிந்துவிடும். அப்புறம் வெறும் அமைதி. அந்த அமைதியை நிலையத்தில் எத்தனையோ முறை அவரே காலை நிறுத்திக் கொண்டுவந்திருக்கிறார்.

இப்போது கால் நின்றால் அவள் குரல் தீர்ந்தது. இந்த முறை டிஸ்கிலும் இருக்காது.

"வராதே!" குரல் சுவரோரம் ஓடியது. மோதியது. "ஏங்க, யாரோ வர்றாங்க! வாங்களேன்! எங்கதான் போனீங்க?"

கால் கடுத்தது. பாதம் கிழிந்து பலகை வழுக்கியது. குரல் அலறியது. அவ்வளவு தெளிவாக. அவ்வளவு கிட்டத்தில். எத்தனை வருடமாகிவிட்டது இதைக் கேட்டு.

கால்காரர் அழுதுகொண்டே நடந்தார்.

தொம். தொம். தொம்.