அடைப்பு வீடு

உப்பளத்தை ஒட்டிய வளவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் சொரிமுத்து தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிவிட்டான். யோசிக்க நேரமில்லை. யுத்தம் வந்ததிலிருந்து தூத்துக்குடியில் தலைசாய்க்க இடமில்லை. பர்மாவிலிருந்து நடந்தே உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் வண்டிப்பேட்டையில் குடும்பத்தோடு கிடந்தார்கள். அவன் மனைவி பேச்சித்தாய்க்கோ நிறைமாதம்.

வளவில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே ரகம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், உப்பு வாருகிறவர்கள், அவனைப் போல மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்கள். ஊருக்குள் வாடகை கொடுக்க வக்கில்லாதவர்கள். அவர்களிடமும் கறாராக வசூலிக்கிற வளவுக்காரர் வன்னியபெருமாள், இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பாதி வாடகை சொன்னார். ஏன் என்று சொரிமுத்து கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் வாயைத் திறக்கவும் இல்லை.

அவன் தூங்குவது பகலில். தலைமாட்டில் பின்சுவர். அதில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்குப் புதுக் காரை பூசியிருந்தது. வெளியே வெயிலில் உப்புக்குவியல் கண்ணைக் கூசவைத்தது. சுவரில் பூசிய அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. அழுகிய சிப்பியின் வாடை அடித்தது.

உச்சிப்பொழுதில் சத்தம் கேட்டது.

உள்ளங்கையால் தட்டுவது போல. அவசரமே இல்லாமல்.

எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. திரும்பி வந்து படுத்தான்.

மறுபடியும் தட்டியது.

பேச்சித்தாயிடம் சொன்னபோது அவள் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"வந்த அன்னையிலருந்தே கேக்கு. சொன்னா காலி பண்ணுவோம்பீங்க. நான் எங்கன போய்ப் பிள்ளை பெறதுக்கு?"

பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாயைப் பிடித்து உலுக்கியதில் விஷயம் வெளியே வந்தது. முன்பு அங்கே குடியிருந்த சங்கரம்மாள் பிரசவத்தில் செத்தாள். பிள்ளையும் தங்கவில்லை. செத்தது அடைப்பு நட்சத்திரத்தில். அப்படிச் செத்தால் பிணம் வாசல் வழியாகப் போகக்கூடாது. பின்சுவரை இடித்துத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஆறு மாதம் வீட்டில் ஆள் புழங்காமல் பூட்டிப்போட வேண்டும். வன்னியபெருமாள் பதினாறாம் நாள் காரியம்வரைகூடப் பொறுக்கவில்லை. சுவரை அடைத்துப் பூசி ஆள் பிடித்துவிட்டார்.

சொரிமுத்து அவர் கடைக்கே போய்க் கேட்டான். அவர் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிடிக்கலன்னா காலி பண்ணுல. வண்டிப்பேட்டையில எத்தனை பேரு கிடக்கான். செத்தவ எனக்கு வாடகை தருவாளா?"

சாமான் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு வீடு வரைக்கும் காதில் கேட்டது. வந்த வேகத்தில் கடப்பாரையை எடுத்தான். சுவருக்குள் அடைபட்டுத்தானே தட்டுகிறாள், போன வழியே போய்த் தொலையட்டும். ஓட்டைச் சுவரை அந்த ஆள் எவன் தலையில் கட்டுகிறான் என்றும் பார்த்துவிடலாம். பேச்சித்தாய் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு இடித்தான்.

காரை பொலபொலவென்று உதிர்ந்தது. செங்கல் சரிந்தது. வெயில் வீட்டுக்குள் விழுந்தது.

ஏதோ ஒன்று அவன் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

சத்தம் கேட்டு வந்த ஆறுமுகத்தாய் ஓட்டையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்ன காரியம்ல பண்ணிட்டே? அவ சுவத்துக்குள்ளயா இருந்தா? வெளிய நின்னுல்லா தட்டிக்கிட்டிருந்தா."

பேச்சித்தாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலி கண்டுவிட்டது.

ஆறுமுகத்தாயே மருத்துவம் பார்த்தாள். பொழுது சாயுமுன் பிள்ளை பிறந்தது. பேச்சித்தாய் பிழைத்துக்கொண்டாள். அசதியில் கண் மூடியவள் பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையைத் துடைத்து அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு ஆறுமுகத்தாய் வெந்நீர் போடத் தன் வீட்டுக்குப் போனாள். சொரிமுத்து வாசலில் நின்று வன்னியபெருமாளை வாயில் வந்தபடி வைதுகொண்டிருந்தான். உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதது.

அழுகை சட்டென்று நின்றது.

ஓடினான்.

பேச்சித்தாய் படுத்தபடியே கிடந்தாள். போர்த்திய சேலை கலையவில்லை. அவள் பக்கத்தில் பிள்ளை இல்லை. இடிந்த சுவரோரம், பழந்துணியில் பதமாகச் சுற்றிக் கிடந்தது.

சப்புக்கொட்டிக்கொண்டே தூங்கியது.

அதன் கடைவாயில் பால் வழிந்திருந்தது.