குழாய்க்குள் இல்லாத துணி

"துணியாம் அக்கா, துணி. நான் குழாய்க்குள்ள கந்தல் துணிய விட்டுட்டு வந்தேனாம்."

வந்தவர் வெல்டர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. சுரங்கத்தில் வட்டமாக ஓடும் துகள் முடுக்கியில், காந்தங்களைக் குளிரவைக்கும் ஹீலியம் குழாயொன்றை மாற்றிப் பற்றவைத்தவர். பிறகு குளிரூட்டியபோது குழாய் அடைத்துக்கொண்டது. வாரக்கணக்கில் திரும்பச் சூடேற்றி, குழாயை வெட்டித் திறக்க அவரிடமே சொன்னார்கள். உள்ளே ஒன்றுமில்லை.

"திறந்ததும் துணிய உருவி மறைச்சுட்டேன்னு இயக்குநர் சொல்றாரு. சாயங்காலம் வேலைய விட்டுத் தூக்குறாங்க. இந்தப் பேரோட வெளிய போனா எவன் வேலை குடுப்பான்?"

துப்பறியும் அந்தப் பெண்மணியை ஊரே 'நிதானம்' என்றுதான் அழைக்கும். அவருடைய கொழுந்தன் அதற்கு நேர்மாறு.

"துணிதான் அண்ணி. வேற என்ன அடைக்கும்?"

"மொதல்ல செருப்ப மாட்டு. சட்டைய மாத்திப் போட்டிருக்க, அதையும் பாரு."

மூவரும் போனபோது, இயக்குநரின் அறையில் தலைமைப் பொறியாளரும் காத்திருந்தார். தூக்கமில்லாத கண்கள் அவருக்கு.

"இவரோட அலட்சியத்தால என் மெஷினே படுத்துடுச்சு" என்றார் இயக்குநர்.

"தண்ணியா இருக்குமோ?" என்றார் நிதானம். "உறைஞ்சா அடைக்கும். சூடேத்தினா ஆவியாகிப் போயிடும்."

"நாங்களும் அததான் மொதல்ல யோசிச்சோம்" என்றார் தலைமைப் பொறியாளர். "குழாய் ஜில்லுனு இருக்கும்போது திறந்தா காத்துல இருக்கற ஈரம் உள்ள படியும். ஆனா பழைய குழாய மாத்தறதுக்காக, முழுசா சூடேறின பிறகுதான் திறந்தேன்னு சார் சொன்னாரு. அன்னிக்கு எங்க யாரையும் கூப்பிடல."

"நான் குழாய மாத்தப் போறப்பவே வாயப் பொளந்துக்கிட்டுதான் கெடந்துச்சு" என்றார் வெல்டர். "முந்தின நாளே திறந்துட்டாங்க."

சுவரில் ஒரு புகைப்படம். திறந்த குழாயருகே இயக்குநர் கையசைத்துச் சிரிக்கிறார். 'கெடுவுக்கு முன்பே திறப்பு' என்று கீழே எழுத்து.

"படம் சுத்தமா விழுந்திருக்கு" என்றான் கொழுந்தன். "குழாய்ல சார் கை வச்ச அச்சு வரைக்கும் தெரியுது."

நிதானம் படத்தருகே போனார். மங்கலான குழாயின் மேல், ஐந்து விரல்களும் பளிச்சென்று. அவற்றுக்குக் கீழே நீர் வழிந்த கோடுகள்.

"பிரிட்ஜுலேருந்து எடுத்த பாட்டில்ல கை வச்சா இப்படித்தான் அச்சு விழும். வேர்த்துப் போன குழாய் இது சார். முழுசா சூடேறியிருந்தா எப்படி வேர்க்கும்?"

இயக்குநர் எழுந்து படத்தருகே வந்தார். "மேலிடத்துல நெருக்கினாங்க. கொஞ்சம் முந்தித் திறந்தேன்... சரி, இவர் வேலையில இருக்கட்டும். இதோட விட்டுடலாம்." படத்தைக் கழற்றி, மேசை இழுப்பறையைத் திறந்தார்.

"உள்ள வைக்காதீங்க." வெல்டர் குறுக்கே கையை நீட்டினார். "கேண்டீன்ல அத்தன பேர் முன்னாடிதான என்னைப் பொய்யன்னு சொன்னீங்க? இதையும் அங்க வந்து சொல்லுங்க."

தலைமைப் பொறியாளர் எழுந்து இழுப்பறையை அறைந்து சாத்தினார்.

"எல்லாரும் சாப்பிட உக்காந்திருப்பாங்க சார். படத்தோடயே நடங்க."