கட்டத்துக்கு ரெண்டு வாய்

மல்லாட்டை அன்றைக்குப் பேசவில்லை.

நேமிநாதன் ஒரு பிடி வேர்க்கடலைக் காயை அள்ளிக் காதோரம் கொண்டுபோய்க் குலுக்கினார். ஓட்டுக்குள்ளே பருப்பு கடகடவென்று உருண்டது கேட்டது. ஆனால் அது வெறும் சத்தமாக இருந்தது. நேற்று வரைக்கும் அந்தச் சத்தம் அவரிடம் வாய்விட்டுப் பேசும். 'நான் வேட்டவலம் பக்கத்துச் செம்மண்ணுல விளைஞ்சவன், களத்துல காயும்போது தூறல் விழுந்துச்சு, இந்தப் படுபாவி அதை உன்கிட்ட மறைக்கிறான்' என்று ஊர் பேர் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். இன்றைக்கு உள்ளங்கையில் கிடந்த காய்கள் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்படுகிற முன்பின் தெரியாத ஆட்கள் மாதிரி அவரைப் பார்த்தன.

"ரகத்தைச் சொல்லுங்க நைனாரே, வண்டி மாடு காத்துக்கிட்டு நிக்குது" என்றார் சாக்குக்குப் பக்கத்தில் நின்ற விவசாயி.

"ஈரம் ஜாஸ்தி" என்றார் நேமிநாதன். வாய்க்கு வந்ததைச் சொன்னார். மண்டிக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக.

மாதிரி எடுக்கச் சாக்கில் குத்தூசி போடுகிற சடையன் மட்டும் தலையைத் திருப்பி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

நேமிநாதனின் கீர்த்தி அப்படிப்பட்டது. செங்கத்தில் லாரிக்கு டார்ப்பாலின் கட்டும்போதே இங்கே மூக்கை உறிஞ்சி, "ரெண்டாம் ரகம், அடிச்சாக்குல கல்லு" என்பார். அவர் தும்மினால் போளூர் ரோட்டில் எண்ணெய் ஆலைக்காரர்கள் பயந்து செக்கை நிறுத்துவார்கள். இதில் பாதி பொய்தான். மீதிப் பாதியே ஊரை மிரட்டப் போதுமானதாக இருந்தது.

அந்த மனுஷனுக்குத்தான் எண்பத்தாறாம் வருஷம் வினை ஒரு அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. மண்டி முதலாளி ராஜேந்திரன் பம்பாய்க்குப் போன இடத்தில் எவனோ கம்ப்யூட்டர் வைத்து வியாபாரம் பண்ணுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மனுஷர்களுக்கு ஃபேன்கூட இல்லாத மண்டியில் அதற்குக் கண்ணாடி போட்ட ஏசி ரூம் கட்டினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, அதன் நெற்றியில் பட்டையாக விபூதி பூசினார்கள். பௌர்ணமிக்குத் தூக்கிக்கொண்டு போய் மலையைச் சுற்றி வராததுதான் பாக்கி.

"நைனாரே, உங்க தலைக்குள்ள இருக்கறது பூராவும் இதுக்குள்ள போவணும்" என்றார் முதலாளி. "போய்ட்டா நீங்கதான் மேனேஜர். இந்த ரூம்லயே ஜம்முனு உக்காந்துக்கலாம். போவலைன்னா, பாருங்க, உங்களுக்கும் வயசாவுது."

தலைக்குள் இருந்ததை எடுக்க மெட்ராசிலிருந்து மூர்த்தி வந்தான். வெள்ளைச் சட்டை, கூராகச் சீவிய பென்சில், பெரிய பெரிய வெள்ளைத்தாள். கத்தரி வெயிலில் மண்டியே உருகி வழிகிறபோதும் அவன் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இருக்காது. நேமிநாதன் எதிரே உட்கார்ந்து, "காயைக் குலுக்கறீங்க சார். அப்புறம்?" என்பான். அவர் சொல்வார். அவன் ஒரு கட்டம் போட்டு அதற்குள் எழுதுவான். "அப்புறம்?" இன்னொரு கட்டம். கட்டத்துக்குக் கட்டம் ஒரு அம்பு.

அந்த 'அப்புறம்' இருக்கிறதே, அதில்தான் மனுஷன் விழுந்தார். நேமிநாதன் பேச ஆரம்பித்தால் முதலாளி கடியாரத்தைப் பார்ப்பார். வீட்டில் பெண்டாட்டி கனகலதா, "பேசாம சாப்பிடுங்க, பொழுது சாயுது" என்பாள். ஆயுசிலேயே அவரை முழுசாகப் பேசவிட்டவன் இந்த மூர்த்திதான். நேமிநாதன் மடை திறந்தார். சத்தத்தைச் சொன்னார், வாசனையைச் சொன்னார், தோலை நகத்தால் கீறினால் வரும் நிறத்தைச் சொன்னார். எந்த விவசாயி பொய் சொல்லும்போது துண்டை உதறுவான், எவன் சாமி மேல் சத்தியம் பண்ணுவான் என்பதுவரைக்கும், கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொன்னார்.

நடுநடுவே மூர்த்தி சாய்சதுரமாக ஒரு கட்டம் போடுவான். "இது கேள்விக் கட்டம் சார். இதுக்கு ரெண்டு வாய் இருக்கணும். ஆமாம்னா ஒரு வாய், இல்லேன்னா ஒரு வாய். ஒரு வாய் மூடிக்கிட்டிருந்தாலும் மெஷின் அங்கியே நின்னுடும்."

"சரி தம்பி, ரெண்டையும் தொறந்துடுவோம்" என்று சிரித்தார் நேமிநாதன்.

சத்தத்தைச் சொன்ன மறுநாள்தான் மல்லாட்டை பேசாமல் போனது.

வாசனையைச் சொன்ன மறுநாள் மூக்கு செத்தது. ஜலதோஷம் என்று நினைத்து நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தார். நொச்சி வாசனையும் வரவில்லை. விவசாயிகளைப் பற்றிச் சொன்ன மறுநாள், வாசலில் ஒருத்தர் பல்லைக் காட்டிச் சிரித்தார். இவரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

"யாருடா சடையா அது?"

"என்னாங்கய்யா இது! உங்க மச்சான். வருஷா வருஷம் கொண்டாந்து போடறவரு."

சடையன் குத்தூசியைத் துணியால் துடைத்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "மெஷினு நல்லா சொல்லுதுங்கய்யா. மூர்த்தி சார் கேள்வி கேட்டாரு, நான் காயைப் பாத்துச் சொன்னேன், அவரு தட்டினாரு. உடனே 'அடிச்சாக்குல மண்ணு வெச்சிருக்கான் களவாணிப்பய'ன்னு எழுதுச்சாம். கொட்டிப் பாத்தா மண்ணு. திட்டறதுகூட அப்படியே நீங்க திட்டற மாதிரியே இருக்குங்க."

நேமிநாதன் நேரே ஏசி ரூமுக்கு நடந்தார். செருப்பை விட்டுவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்த ரூமுக்குள் போனார்.

குளிர் முதலில் முகத்தில் அடித்தது. ஏசி தொண்டை கமறுகிற கிழவனைப் போல உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலே இல்லாத அந்த வெள்ளைப் பெட்டிக்குள், மல்லாட்டை மூட்டை ஒன்றுகூட வராத அந்த இடத்தில், அவருக்கு மூக்கு திரும்பியது. பச்சைக் காய் வாசனை. வறுத்த காய் வாசனை. தூறல் விழுந்த செம்மண் வாசனை. ஊறிப்போன சாக்கு, புண்ணாக்கு, மாட்டு மூத்திரம், தன் சொந்த வேட்டியின் வியர்வை வாசனை. இத்தனை நாளாக எங்கே போயின என்று தேடிக்கொண்டிருந்தவை எல்லாம் இங்கேதான் இருந்தன. மெஷினின் பின்பக்கத்துச் சல்லடை ஓட்டை வழியாக, வெதுவெதுப்பாக, மூச்சு மாதிரி வந்துகொண்டிருந்தன.

"உக்காருங்க சார்" என்றான் மூர்த்தி.

"தம்பி." நேமிநாதன் உட்காரவில்லை. "உனக்கு எந்த ஊரு?"

மூர்த்தி பையைத் திறந்து ஒரு பழைய தாளை எடுத்து விரித்தான். கட்டங்கள் மேல் விரல் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"கும்பகோணம் சார்."

"அப்பா பேரு?"

விரல் ஒரு அம்பைப் பிடித்துக்கொண்டு தாளின் ஓரம்வரை போனது. அங்கே தாள் முடிந்துவிட்டது.

"அது அடுத்த தாள்ல இருக்கு சார். அதை ஆபீஸ்லயே விட்டுட்டேன்" என்று அவன் சிரித்தான். நல்ல பையன் சிரிப்பு. கண்ணுக்குள் மட்டும் யாரும் இல்லை.

அன்றிரவு நேமிநாதன் வாயைத் தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். மண்டி போனால் போகட்டும், மூக்கு போனால் போகட்டும். கனகலதாவை மட்டும் விடக்கூடாது. சமையலறையில் அவள் பாத்திரம் கவிழ்த்துகிற சத்தத்தைக் கேட்டபடி, அவளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தது.

மறுநாள் மூர்த்தி கேட்டதற்கெல்லாம் அவர் தலையை மட்டும் ஆட்டினார். முதலாளி கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்று, "இன்னிக்கோட முடிச்சிக் குடுத்துடுங்க நைனாரே" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். மத்தியானம் தாண்டியது. வெளியே மலையின் நிழல் மண்டி ஓட்டின் மேல் ஏற ஆரம்பித்தது.

"ஒரே ஒரு கட்டம்தான் சார் பாக்கி" என்றான் மூர்த்தி. "மண்டியை மூடற நேரம். நீங்க தெனமும் பொழுது சாயறதுக்கு முன்னாலயே கெளம்பிடறீங்க. அதுக்கு ஒரு காரணம் எழுதணும்."

இதில் என்ன மறைக்க இருக்கிறது? ஊருக்கே தெரியும். "நாங்க ஜைனருங்க தம்பி. பொழுதோட சாப்பிட்டுடணும். விளக்கு வெச்சப்புறம் பல்லுல தண்ணிகூடப் படக்கூடாது."

பென்சில் நகர்ந்தது. சாய்சதுரம். "பொழுது சாயுமுன்ன கெளம்பியாச்சா? ஆமாம்னா வீட்டுக்கு." பென்சில் மறுபக்கத்து மூலைக்கு வந்து நின்றது. "இல்லேன்னா?"

"இல்லேன்னாங்கற பேச்சே கெடையாது. கல்யாணமான நாள்லேர்ந்து ஒருநாளும் அப்படி ஆனதில்ல."

"ஆவாததுக்கும் ஒரு வழி வெக்கணும் சார். வாய் தொறந்தே இருக்கு பாருங்க."

நேமிநாதன் பார்த்தார். காகிதத்தில் அந்த மூலை காலியாக இருந்தது. பல் முளைக்காத குழந்தை சோற்றுக்குத் திறந்த வாயைப் போல. மூர்த்தி அசையவில்லை. ஏசி உறுமல்கூடக் குறைந்து, காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. அவர் உதட்டைக் கடித்தார். உள்ளே பேச்சு முட்டியது. ஒருத்தன் கேட்கிறானே, இப்படிக் காத்திருந்து கேட்கிறானே என்ற அந்தப் பாழாய்ப்போன பெருமை தொண்டைவரைக்கும் வந்து நின்றது.

"அவளே வந்துடுவா" என்றார்.

"யாரு சார்?"

அவ்வளவுதான். கொட்டிவிட்டது. கனகலதா. வந்தவாசிப் பக்கத்துப் பொண்ணு. இடது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள், தெருக்கோடியிலேயே தெரிந்துவிடும். கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெய்தான் தலைக்கு. கோபம் வந்தால் பாத்திரத்தோடு பேசுவாள். ஜுரம் வந்தால் யாருக்கும் சொல்லாமல் கிணற்றடியில் போய் உட்கார்ந்திருப்பாள். "அப்புறம்?" என்றான் மூர்த்தி. அவர் சொன்னார். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சொன்னார். "அப்புறம்?" சொன்னார்.

இந்தத் தடவை மறுநாள்வரைக்கும் காத்திருக்கவில்லை.

மூர்த்தி தாளைப் பார்த்துப் பார்த்துத் தட்டி முடித்தான். பையை எடுத்துக்கொண்டு, "வரேன் சார், வேலை முடிஞ்சுது" என்று போய்விட்டான். நேமிநாதன் நாற்காலியிலேயே இருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் மலை கறுத்தது. கோவில் மணி கேட்டது. இந்த வெளிச்சம் போகிறபோது தான் ஏதோ ஒன்று செய்ய வேண்டும். என்னது அது? பசிக்கவில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. திரையில் பச்சையாக ஒரு சின்னக் கட்டம் மட்டும் விட்டு விட்டு மினுக்கியது.

வெளியே காலடி.

ஒரு செருப்பு தரையைத் தேய்த்தது.

"ஐயா உள்ளதாங்க இருக்காரு" என்று சடையன் யாருக்கோ சொன்னான்.

கதவு திறந்தது. ஒரு பொம்பளை. மூச்சு வாங்க நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏங்க! பொழுது சாஞ்சே போச்சு. என் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இங்க என்னா பண்றீங்க?"

யார் இது?

நல்ல முகம். களைத்த முகம். அவருக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. யாரையோ தேடி வந்திருக்கிறாள்.

"என்னாங்க அப்படிப் பாக்கறீங்க? நான்தாங்க." ஒரு அடி முன்னால் வந்தாள். "எதையாவது பேசுங்களேன்!"

திரை அசைந்தது. யாரும் தொடவில்லை. இங்கிலீஷ் எழுத்தில், தமிழ் வார்த்தை. ஒவ்வொன்றாக. படிக்கிற சங்கதியை மட்டும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆகவே அது மிச்சமிருந்தது. அவர் படித்தார்.

"வந்துட்டியா கனகா. வேலை முடியல."

அவர் குரல்தான். அவர் இழுக்கிற இழுப்புத்தான். அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அப்பாடா. பயந்தே போய்ட்டேன். ஒருநாள் சாப்பாடு போச்சே, இந்தச் சனியனால."

எழுத்து ஓடியது. அவர் வாய் அதன் பின்னால் ஓடியது.

"நீ சாப்டியா?"

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் முகத்தில் என்னமோ இளகியது.

"இல்லீங்க. மத்தியானத்துலேர்ந்தே தலை சுத்தல். சொன்னா நீங்க..."

"அப்புறம்?" என்று படித்தார் நேமிநாதன்.

வேண்டாம் என்று கத்த நினைத்தார். அந்த வார்த்தை திரையில் வரவில்லை.

அவள் மூர்த்தியின் நாற்காலியை மெதுவாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்காலைச் சேர்த்துக்கொண்டாள். சின்னப் பெண் மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தாள். பேச ஆரம்பித்தாள். கிணற்றடியைப் பற்றி. வந்தவாசியைப் பற்றி. மூலையில் பிரிண்டர் க்ரீச்சென்று உயிர் வந்து, நீளத்தாளில் கட்டம் கட்டமாகக் கீறித் தள்ளியது. ஒவ்வொரு சாய்சதுரத்துக்கும் ரெண்டு வாய்.

"அப்புறம்?"

கரிசலாங்கண்ணி எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. எங்கேயோ, எப்போதோ, தலைமாட்டில் தெரிந்த வாசனை. நேமிநாதன் மூச்சை இழுத்து, அது வருகிற திக்கைத் தேடினார்.

அது அவள் பக்கத்திலிருந்து வரவில்லை.